தொங்கல் கணக்கில் வைக்கவேண்டிய மனிதர்கள்

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் 30 வரை எமக்கு வருமான வரிக் காலம். ஸ்காபரோவில் எமது வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு அச்சுப்பொறி. அவ்வளவுதான் எமது அலுவலகம். வருகிறவர்கள் பெரும்பாலும் எம்மவர்கள். யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு என்று எல்லா ஊரும் அந்தப் படிக்கட்டால் இறங்கி வரும்.

வருகிறவர்களில் இரண்டு வகையினரை எளிதில் கண்டுபிடிக்கலாம். முதல் வகையினர் ரி4 படிவம் கையில் கிடைத்த கிழமையே வந்துவிடுவார்கள். பற்றுச்சீட்டுகள் கோப்பில் மாதவாரியாக இருக்கும். மருந்துச் செலவு ஒரு பக்கம், பிள்ளை பராமரிப்புச் செலவு ஒரு பக்கம். இரண்டாம் வகையினர் ஏப்ரல் 29ஆம் திகதி இரவு ஒன்பதரைக்கு வருவார்கள். கையில் ஒரு பலசரக்குக் கடைப் பை. அதற்குள் பற்றுச்சீட்டுகளோடு கோயில் அர்ச்சனைத் துண்டும், பிள்ளையின் பாடசாலைக் கடிதமும், இன்னும் திறக்காத கடித உறைகளும் கிடக்கும். "அண்ணை, எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

பல ஆண்டுகளாக நாம் முதல் வகையினரைப் பொறுப்பானவர்கள் என்றும், இரண்டாம் வகையினரைப் பொறுப்பற்றவர்கள் என்றும் மனதுக்குள் எழுதி வைத்திருந்தோம். வணிகமாணிப் படிப்பும் எமக்கு அதைத்தான் கற்றுத் தந்திருந்தது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். இரண்டும் சமப்பட வேண்டும்.

அந்தக் கணக்கு ஒரு மாரி இரவில் குழம்பியது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனார் நள்ளிரவில் திடீரென இறந்துபோனார். மனைவிக்கு ஆங்கிலம் போதாது. பிள்ளைகள் சிறியவர்கள். விடிவதற்குள் நாற்பது பேருக்குத் தொலைபேசி எடுத்து, வாகனம் ஒழுங்குபண்ணி, சமைத்த சாப்பாடு வரவழைத்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தவர் எமது ‘பலசரக்குப் பை’ மனிதர். மூன்றாம் நாள் ‘கோப்பு’ மனிதர் வந்தார். யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. மேசையில் அமர்ந்து காப்புறுதிப் படிவம், வங்கிக் கடிதம், ஓய்வூதியத் திட்டத்தின் விண்ணப்பம் எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டு வைத்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டுக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். முதலாமவர் செய்ததை இரண்டாமவரால் செய்திருக்க முடியாது. இரண்டாமவர் செய்ததை முதலாமவரிடம் கொடுத்திருந்தால் அந்தப் பைக்குள் அதுவும் போயிருக்கும். அதன் பின்னர்தான் மனிதர்களின் இயல்பு வேறுபாடு பற்றி ஆற அமர வாசிக்கத் தொடங்கினோம். வாசித்ததையும், அதைப் பிந்தித் தெரிந்துகொண்டதால் எமக்கு ஏற்பட்ட நட்டத்தையும் இங்கே எழுதுகிறோம்.

வலக்கையும் இடக்கையும்

ஒரு தாளில் உங்கள் கையெழுத்தை வையுங்கள். இப்போது பேனாவை மற்றக் கைக்கு மாற்றி அதே கையெழுத்தை வையுங்கள். முடியும். ஆனால் நேரம் எடுக்கும், கவனம் எடுக்கும், எழுத்தும் கோணலாக வரும். இயல்பு நாட்டம் என்பதை விளக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒருவருக்கு ஒரு காரியம் செய்யவே தெரியாது என்பதல்ல விடயம். எந்தக் கையால் செய்யும்போது அவருக்கு இலகு, எந்தக் கையால் செய்யும்போது அவர் களைத்துப்போகிறார் என்பதே விடயம். சிறுவயதில் எமது ஊர்களில் இடக்கையால் எழுதிய பிள்ளைக்கு அடிமட்டத்தால் அடி விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளையில் பிழை எதுவும் இருக்கவில்லை. வாத்தியாருக்கு மற்றக் கை பழகியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடுகளை நவீன காலத்தில் வகைப்படுத்தி எழுதியவர் சுவிற்சர்லாந்தின் உளமருத்துவர் கார்ல் யுங். 1921இல் வெளிவந்த ‘உளவியல் வகைகள்’ என்ற நூலில் அகமுகி, புறமுகி என்ற இரண்டு சொற்களையும் அவர் நிலைநிறுத்தினார். ஒருவரின் கவனமும் உயிர்ப்பும் வெளியே, ஆட்களையும் நிகழ்வுகளையும் நோக்கிப் போகிறதா, அல்லது உள்ளே, தன் எண்ணங்களை நோக்கித் திரும்புகிறதா என்பதே அவரது கேள்வி. முழுக்க முழுக்க ஒரு பக்கமாக மட்டும் எவரும் இருப்பதில்லை என்பதையும் அவர் சொல்லியே வைத்தார்.

அதை வீட்டுக்குள் கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும். தாய் கதரின் பிரிக்ஸ், மகள் இசபெல் மையர்ஸ். மகள் வீட்டுக்குக் கூட்டி வந்த மாப்பிள்ளை தங்கள் குடும்பத்தவரைப்போல் யோசிக்கிறவராக இல்லை என்பதைக் கண்டுதான் தாய்க்கு இந்த ஆராய்ச்சியில் ஆர்வம் பிறந்தது. மாப்பிள்ளை எங்களைப்போல் இல்லை என்று கண்ட மாமியார் எமது சமூகத்திலும் உண்டு. அதற்காக உட்கார்ந்து உளவியல் படித்தவர் இவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புதிதாகத் தொழிற்சாலை வேலைக்கு வந்த பெண்களுக்குத் தம் இயல்புக்குப் பொருந்திய வேலையைக் கண்டுபிடிக்க உதவவேண்டும் என்று மகள் ஒரு வினாக்கொத்தை உருவாக்கத் தொடங்கினார். இருவரும் உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அந்த வினாக்கொத்துத்தான் இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் நான்கு ஆங்கில எழுத்துகளாகச் சொல்லிக்கொள்ளும் பதினாறு வகைகளின் மூலம்.

நான்கு கேள்விகள்

அந்த நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு கேள்விகள் உள்ளன. எமது வீடுகளை வைத்தே அவற்றைப் பார்க்கலாம்.

முதலாவது, களைப்பு எங்கே ஆறுகிறது? சாமத்தியச் சடங்கு ஒன்றுக்குப் போய் முந்நூறு பேரோடு கதைத்துவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் ஒருவர் இன்னும் உற்சாகமாகத் தொலைபேசியை எடுத்து நான்கு பேருக்கு அந்தக் கதையைச் சொல்கிறார். மற்றவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். முதலாமவர் புறமுகி, இரண்டாமவர் அகமுகி. கதவைச் சாத்தியவருக்கு யாரிலும் கோபம் இல்லை. அவரது மின்கலம் தனிமையில்தான் ஏறும்.

இரண்டாவது, எதை முதலில் காண்கிறோம்? வீடு வாங்கப் பார்க்கும்போது ஒருவர் கூரை எத்தனை வருடப் பழசு, வெப்பமூட்டி வேலை செய்கிறதா, வரி எவ்வளவு என்று பார்ப்பார். மற்றவர் உள்ளே வந்ததுமே, இந்த மூலையில் அம்மாவின் கட்டில், அந்தப் பக்கம் பிள்ளை படிக்கும் மேசை என்று இன்னும் நடக்காததைக் காண்பார். முன்னவர் புலன்வழி அறிகிறவர். பின்னவர் உள்ளுணர்வுவழி அறிகிறவர். முன்னவருக்குப் பின்னவர் கனவு காண்கிறவராகத் தெரிவார். பின்னவருக்கு முன்னவர் சுவரைத் தட்டிக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கிறவராகத் தெரிவார்.

மூன்றாவது, எதை வைத்து முடிவெடுக்கிறோம்? ஊரிலிருந்து ஒரு மச்சான் பணம் கேட்கிறார். போன முறை வாங்கியதைத் திருப்பவில்லை. "ஒருக்கா விட்டால் எல்லாருக்கும் விடவேணும்" என்பவர் நியாயத்தை முதலில் வைக்கிறார். "அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேணுமே" என்பவர் ஆளை முதலில் வைக்கிறார். முன்னவருக்கும் நெஞ்சு உண்டு, பின்னவருக்கும் மூளை உண்டு. எது முதலில் கையைத் தூக்குகிறது என்பதே வேறுபாடு.

நான்காவது, எமது வரிக் காலத்துக் கேள்வி. ஒரு விடயம் முடிந்தால்தான் நிம்மதியா, அல்லது கடைசி வரை வழி திறந்திருந்தால்தான் நிம்மதியா? ஊருக்குப் போக விமானச் சீட்டை ஆறு மாதம் முன்னரே எடுத்து, பெட்டியை ஒரு மாதம் முன்னரே கட்டுகிறவர் ஒருவர். விலை இறங்கும் என்று காத்திருந்து, புறப்படும் காலையில் பெட்டிக்குள் உடுப்பைத் திணிக்கிறவர் இன்னொருவர். இந்த இருவரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக இருப்பார்கள்.

பெட்டிக்குள் மனிதர்களை அடைக்கமுடியாது

இவ்வளவும் வாசித்த பின்னர், ஒரு கணக்காளருக்கு வரவேண்டிய சந்தேகம் எமக்கும் வந்தது. இந்த எண்கள் சரியா?

முழுக்கச் சரியில்லை. பதினாறு வகை வினாக்கொத்தை உளவியல் ஆய்வாளர்கள் பலகாலமாகக் குறை சொல்லி வருகிறார்கள். ஒரே ஆள் சில கிழமைகளின் பின் மறுபடி அதற்குப் பதில் எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. காரணம் விளங்கிக்கொள்ள எளிது. ஒரு ஊரில் எல்லோருடைய உயரத்தையும் அளந்தால் மிக உயரமானவர்களும் மிகக் குள்ளமானவர்களும் சிலரே. பெரும்பாலானோர் நடுவில். அகமுகம், புறமுகமும் அப்படித்தான். நடுவில் நிற்கிறவர்களை ஒரு கோடு போட்டு இரண்டு பெட்டிக்குள் பிரித்தால், இன்று இந்தப் பெட்டி, நாளை அந்தப் பெட்டி என்று மாறத்தான் செய்வார்கள்.

ஆகையால் இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் வகைகளை விட்டு ஐந்து அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள். புதியதை நாடும் தன்மை, ஒழுங்கும் விடாமுயற்சியும், புறமுகத் தன்மை, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை. ஒவ்வொன்றிலும் நாம் எங்கோ ஒரு புள்ளியில் நிற்கிறோம். இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளின்படி, இவற்றில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 வீதம் வரை பரம்பரையோடு தொடர்புடையது. மிகுதி வாழ்க்கை தந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு வினாக்கொத்தை நிரப்பச் சொன்னார். பின்னர் ஒவ்வொருவருக்கும் உங்கள் இயல்பு பற்றிய விளக்கம் இதோ என்று ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4ஐத் தாண்டியது. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலுள்ள வாசகங்களைக் கடையில் விற்கும் சோதிட நூலிலிருந்து எடுத்திருந்தார். ‘உங்களுக்குள் பயன்படுத்தாத திறமை நிறைய உண்டு’ என்று சொன்னால் எவர்தான் இல்லை என்பார்?

ஆகவே எமது சமூகத்தில் சாதகத்தோடு சேர்த்து இந்த நான்கு எழுத்துகளையும் வைத்துப் பொருத்தம் பார்க்கத் தொடங்கவேண்டாம். அந்த வினாக்கொத்தை நடத்தும் நிறுவனமே அதை வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. இதன் பயன் மற்றவரை எடைபோடுவதில் இல்லை. மற்றவரின் செயலுக்கு எமக்குத் தோன்றும் காரணத்தைவிட வேறு காரணமும் இருக்கலாம் என்று நினைக்க வைப்பதில் இருக்கிறது.

சங்கம் உடைந்த கதை

அப்படி நினைக்காததால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணால் கண்டோம். அதில் எமக்கும் பங்குண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர்ச் சங்கம். ஊர்ப் பாடசாலைக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுக்கவேண்டும் என்று இராப்போசன விருந்து ஒன்று வைத்துப் பணம் சேர்த்தார்கள். தலைவர் எல்லோரையும் இழுத்துப் பிடிக்கிறவர். காரில் போய்க்கொண்டே மண்டபம் பேசுவார், சமையல்காரரைப் பிடிப்பார், ஒலிபெருக்கிக்காரருக்குக் கைக்காசு கொடுப்பார். பொருளாளர் அமைதியானவர். ஒவ்வொரு டொலருக்கும் துண்டு வேண்டும் என்பவர்.

பொருளாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் பற்றுச்சீட்டைக் கேட்டார். தலைவருக்கு அது, "நீ கள்ளன்" என்று சபையில் சொல்வதுபோல் கேட்டது. தலைவர் "பிறகு தாறன்" என்று சொல்லிக்கொண்டே போனார். பொருளாளருக்கு அது எதையோ மறைப்பதுபோல் கேட்டது. விருந்து முடிந்த இரண்டாம் மாதம் ஊர் இரண்டுபட்டது. காசு அடித்துவிட்டான் என்று ஒரு பக்கம், பொறாமைக்காரன் என்று மறுபக்கம்.

கணக்காய்வு செய்ய எம்மிடம் கொடுத்தார்கள். நான்கு இரவுகள் இருந்து பார்த்தோம். இல்லாத பதினொரு பற்றுச்சீட்டுகளும் தலைவரின் கார் லாச்சிக்குள் வேறு குப்பைகளோடு கிடைத்தன. மண்டப முற்பணம் ஓரிடத்தில் இரண்டு தடவை பதியப்பட்டிருந்தது. அதைத் திருத்தியதும் கணக்கு சதம் பிசகாமல் வந்தது. களவு இல்லை. ஒரு டொலர்கூட இல்லை.

ஆனால் நாம் எழுதிய அறிக்கையின் முதல் வரி என்ன தெரியுமா? ‘பற்றுச்சீட்டுகள் முறையாகப் பேணப்படவில்லை.’ அது உண்மை. கணக்காளர் எழுதவேண்டிய வரிதான். பணம் முழுவதும் சரியாக உள்ளது என்ற வரியை இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தோம். முதல் பக்கத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. தலைவர் விலகித் தன் ஆட்களோடு வேறு சங்கம் தொடங்கினார். இன்று அந்த ஒரே ஊருக்கு இந்த நகரில் இரண்டு சங்கங்கள். பாடசாலைக் கட்டடம் நெடுங்காலம் அரைச் சுவரோடு நின்றது.

நாமும் பொருளாளரைப் போன்ற இயல்பு உள்ளவர்கள். பணம் குறையவில்லை என்று கண்டதும் எமக்கு விடயம் முடிந்துவிட்டது. தலைவருக்கு அது முடிந்திருக்காது என்பதும், அவருக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு வரிதான் என்பதும் எமது மனதில் ஏறவே இல்லை. ஒழுங்குக் குறையும் நேர்மைக் குறையும் ஒன்றல்ல. அதை முதல் வரியாக எழுதியிருந்தால் சங்கம் உடையாமல் இருந்திருக்கும் என்று சொல்லமுடியாது. உடைப்பதற்கு எமது தாள் கருவியாகியிருக்காது.

இயல்பு எது, காயம் எது?

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விடயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இயல்புபோல் தெரிவதெல்லாம் இயல்பு அல்ல.

எம்மிடம் வரும் ஒரு வயோதிபர் முப்பது வருடத்துக் கடிதங்களை உறையோடு வைத்திருக்கிறார். ஒழுங்கு விரும்புகிறவர் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் சொன்னார், ஒரு கடதாசி கையில் இல்லாததால் தமது அகதி விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டதாம். அவர் அடுக்கி வைத்திருப்பது பயத்தை. கனடா தினத்து வாணவேடிக்கைக்கு வராமல் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் தாயை, ஆட்களோடு சேராதவர் என்று சொல்கிறோம். எந்த மண்டபத்திலும் வாசலைப் பார்த்தபடி இருக்கும் கதிரையையே தேடுகிறவரை, ஒரு மாதிரியானவர் என்கிறோம். ஷெல்லுக்குள்ளும் சோதனைச் சாவடிகளுக்குள்ளும் வாழ்ந்த உடம்பு இன்னும் காவல் காக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

வேறுபாட்டை அறிய எமக்கு உதவிய ஒரு வழி இது. இயல்பின்படி நடக்கிறவர் அதனால் ஆறுதல் அடைகிறார். அகமுகி ஒருவர் தனியே இருந்துவிட்டு வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும். காயத்தால் ஒதுங்குகிறவர் ஒதுங்கியும் ஆறுதல் அடைவதில்லை. நித்திரை வராது, திடுக்கிடுவார், முன்னர் விரும்பியதையும் விட்டுவிடுவார். முன்னர் கலகலப்பாக இருந்த ஒருவர் மௌனமாகிவிட்டால், அது அவரது சுபாவம் என்று விட்டுவிடாமல் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். இயல்புக்கு இடம் கொடுக்கவேண்டும். காயத்துக்கு மருந்து வேண்டும். ஒன்றுக்குக் கொடுக்கவேண்டியதை மற்றதற்குக் கொடுத்தால் இரண்டுமே கெடும்.

பிள்ளை

கடைசியாக எமது வீட்டுக் கதை. எமது மகள் சிறுவயதிலிருந்தே ஆட்களைக் கண்டால் எமக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். உறவினர்கள், "என்ன, இவள் ஒருத்தரோடையும் கதைக்கிறாளில்லை, நீங்கள் தமிழ் பழக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எம்மைச் சுட்டது. நாடு போய்விட்டது, மொழியாவது மிஞ்சவேண்டும் என்று இருக்கும் பெற்றோருக்கு, பிள்ளையின் மௌனம் தங்கள் தோல்விபோல் தெரியும். ஆகவே நாம் அவளை எல்லா மேடைகளிலும் ஏற்றினோம். பேச்சுப் போட்டி, வில்லுப்பாட்டு, மண்டபம் நிறைந்த மாமா மாமிமார் முன்னால் வணக்கம் சொல்லவைத்தல். பன்னிரண்டு வயதில் அவள் தமிழில் கதைப்பதையே நிறுத்தினாள். வீட்டிலும்கூட.

நியூயோர்க்கில் அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற தம்பதியர் 1956இல் தொடங்கி 133 பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்திலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் 40 வீதமானவர்கள் எதற்கும் எளிதில் பழகும் பிள்ளைகள். 10 வீதமானவர்கள் சமாளிக்கக் கடினமானவர்கள். 15 வீதமானவர்கள் மெல்லச் சூடேறும் பிள்ளைகள். புதியதைக் கண்டால் முதலில் பின்வாங்கி, நேரம் கொடுத்தால் தாமாகவே வருகிறவர்கள். மிகுதி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை. அவர்களின் முக்கியமான முடிவு, எந்த இயல்பும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல என்பது. பிள்ளையின் இயல்பும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்தினால் பிள்ளை தழைக்கும். பொருந்தாவிட்டால் வாடும். பிள்ளையின் இயல்பை மாற்றுவது கடினம். எதிர்பார்ப்பை மாற்றுவது எம் கையில் இருக்கிறது.

இதை வாசித்த இரவு நாமும் துணைவியும் நெடுநேரம் கதைக்கவில்லை. எமது பிள்ளை எமது மொழியைக் கைவிடவில்லை. நாம் அவளுக்கு அந்த மொழியை மேடையாகவே காட்டியிருந்தோம்.

பிறகு சிறிய மாற்றங்கள் சில செய்தோம். விழாக்களுக்கு ஆட்கள் வருமுன் அரை மணி நேரம் முந்திப் போனோம். வெறும் மண்டபத்தில் அவள் கதிரை அடுக்குவாள். ஒவ்வொருவராக வரும்போது பழகிக்கொள்வாள். நிறைந்த கூட்டத்துக்குள் திடீரென நுழைவதைவிட அது அவளுக்கு இலகுவாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் புறப்படலாம் என்று முன்னரே சொல்லி வைத்தோம், சொன்னபடி புறப்பட்டோம். வணக்கம் சொல் என்று முதுகில் தட்டுவதை நிறுத்தினோம். வரிக் காலத்தில் எமக்குப் பக்கத்தில் இருந்து பற்றுச்சீட்டுகளைப் பிரித்துத் தருமாறு கேட்டோம். இரண்டு பேர், ஒரு மேசை, கையில் ஒரு வேலை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, இது ஆற்ற மருந்து?" என்று தமிழில் கேட்டாள். நாம் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னோம். பார்த்திருந்தால் கண் கலங்கியதை அவள் கண்டிருப்பாள்.

தொங்கல் கணக்கு

கணக்கியலில் பரீட்சை மீதி சமப்படாவிட்டால் கணக்கெழுதியவரைக் கள்ளன் என்று சொல்லமாட்டோம். வேறுபடும் தொகையைத் தொங்கல் கணக்கு என்ற ஒரு கணக்கில் எழுதி வைப்போம். காரணம் பின்னர் தெரியவரும்போது உரிய இடத்துக்கு மாற்றுவோம். பெரும்பாலும் அது ஒரு பதிவு விடுபட்டதாலோ, இரண்டு தடவை பதிந்ததாலோ வந்ததாக இருக்கும்.

மனிதர்களிடமும் இதையே செய்யலாம் என்பதே நாம் சொல்ல வந்தது. மருமகன் விருந்தில் கதைக்காமல் இருந்தால் உடனே ‘பெருமை’ என்ற கணக்கில் பதியவேண்டாம். அக்கா திடீரென ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் ‘மரியாதையில்லை’ என்ற கணக்கில் பதியவேண்டாம். மகன் கடைசி நாள் வரை முடிவு சொல்லாவிட்டால் ‘அசட்டை’ என்று பதியவேண்டாம். தொங்கல் கணக்கில் வையுங்கள். அது அவரது இயல்பா, அவரது காயமா என்று பாருங்கள். முடிந்தால் நேரே கேளுங்கள். உண்மையிலேயே பிழையாகவும் இருக்கலாம். இயல்பு என்பது பொய்க்கும் அடிக்கும் சாட்டு அல்ல. அப்படியென்றால் பிழை என்றே பதியுங்கள். ஆனால் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே நிறைய இழந்து வந்தவர்கள். இருக்கும் ஆட்களையும் பிழையான கணக்கில் எழுதி இழக்கும் வசதி எமக்கில்லை. இந்த ஆண்டும் ஏப்ரல் 29 இரவு அந்தப் பலசரக்குப் பை படியால் இறங்கி வரும். மேசையில் ஒரு கோப்பை தேநீர் வைத்துவிட்டுக் காத்திருப்போம்.